அணைக்கும் பொத்தான் இல்லாத பெட்டி

ஜூன் 3, செவ்வாய்

முதலாளி வெங்கிடுபதி ஒரு மேதையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். பெயர் கிங்ஸ்லி. நாகர்கோவில்காரன். முப்பத்தைந்து வயது இருக்கலாம். சட்டையை உள்ளே விட்டிருந்தான், பாதி மட்டும். எங்கள் எல்லாரையும் கான்பரன்ஸ் அறையில் அடைத்து, உலகத்தில் இதுவரை செய்த கம்ப்யூட்டர்கள் அத்தனையும் தப்பாகச் செய்யப்பட்டவை என்று சாப்பாட்டு நேரம் தாண்டும்வரை விளக்கினான்.

அவன் கம்ப்யூட்டரில் ஃபைல் கிடையாது. ஃபோல்டர் கிடையாது. 'சேவ்' கிடையாது. ஆன் பண்ணுவது, ஆஃப் பண்ணுவது இரண்டும் கிடையாது. கரண்ட் போனால் போன இடத்தில் அப்படியே நிற்குமாம். திரும்பி வந்தால் விட்ட எழுத்திலிருந்து தொடருமாம். மெமரி என்று ஒன்று, டிஸ்க் என்று ஒன்று, இரண்டு எதற்கு, மனுஷனுக்கு என்ன இரண்டு மூளையா இருக்கிறது என்று கேட்டான். சிலருக்கு ஒன்றுகூட இல்லையே என்று சொல்ல வாய் வந்தது. முதலாளி பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருடையது பம்ப் செட் செய்கிற குடும்பம். சுவிட்சே இல்லாத ஒன்றை யாராவது விற்க வந்தால் மயங்கத்தான் செய்வார்.

எங்கள் கம்பெனி செய்வது பிரசவ வார்டுக்கான பெட்டி. கர்ப்பிணியின் வயிற்றில் பெல்ட்டைக் கட்டினால் உள்ளே இருக்கும் குழந்தையின் இதயத்துடிப்பு எண்ணாகத் திரையில் வரும். பெட்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர். அதை எழுப்புவது நான். பொத்தானை அமுக்குவதிலிருந்து முதல் எண் தெரிவதுவரை உள்ளே நடப்பதெல்லாம் நான் எழுதியது. அந்தக் காலத்தில் அது எழுவதற்குள் நர்ஸ் போய்க் காபி குடித்துவிட்டு வரலாம். இப்போது காபி ஆறுவதற்குள் எழுந்துவிடும். இருபது வருஷ வேலை.

கூட்டம் முடிந்து என்னிடம் வந்தான். என்னைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறானாம்.

"தூங்காத மெஷினை யாரும் எழுப்ப வேண்டாமே, மேடம்" என்றான். நல்ல சேதி சொல்கிற முகம்.

கேஸ் சிலிண்டர் இன்றும் வரவில்லை.

ஜூன் 5, வியாழன்

அவனுடைய பெட்டியை நான்தான் சோதிக்க வேண்டுமாம். நான் சரி என்றால்தான் வார்டுக்குப் போகும் என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னார். மரியாதை கொடுக்கிறாராம். ஒப்புக்கொண்டேன். வேறு யாரிடமாவது கொடுத்தால் முகத்துக்கு அஞ்சிச் சரி என்று சொல்லிவிடுவார்கள்.

ஜூன் 11, புதன்

மேதையின் இன்றைய கண்டுபிடிப்பு: அவன் கம்ப்யூட்டரில் எந்த புரோகிராமும் தானாக எதையும் தொடக் கூடாது. கையில் எதைக் கொடுக்கிறோமோ அதை மட்டும்தான் தொடலாம். இதயத்துடிப்பை எண்ணும் புரோகிராமுக்கு பெல்ட்டின் ஒயர் மட்டும். திரையில் எழுதும் புரோகிராமுக்குத் திரை மட்டும். பாஸ்வேர்டு வேண்டாம், காவல் வேண்டாம். கொடுக்காததைக் கேட்கக்கூட அதற்குத் தெரியாது. கோயிலில் பட்டர் துளசி கொடுப்பது மாதிரி என்று நான் சொன்னேன். கிண்டலாகத்தான் சொன்னேன். அவன் அசந்துபோய், இனிமேல் இதை இப்படித்தான் விளக்கப்போகிறேன் என்றான். அவமானப்படுத்துவதற்குக்கூட ஆளுக்குக் கொஞ்சம் புத்தி வேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து தங்கை போன் பண்ணினாள். ரிட்டயர்மென்டுக்குப் பிறகு என்ன செய்வதாக இருக்கிறாய் என்றாள். இன்னும் வருஷங்கள் இருக்கின்றன என்றேன். மிக்ஸி ஜாரின் அடியில் ஒழுகுகிறது. வாஷர் மாற்ற வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டேன். பெட்டியின் மேல் ஆசை வந்து உட்கார்ந்துவிடவில்லை. எப்போது சறுக்கும் என்று பார்ப்பதற்காக உட்கார்ந்தேன்.

பிளக்கை எப்படியெல்லாம் பிடுங்கலாமோ அப்படியெல்லாம் பிடுங்கினேன். எண் மாறும்போது பிடுங்கினேன். திரையில் வரைபடம் பாதி வரைந்திருக்கும்போது பிடுங்கினேன். சொருகியவுடன் மறுபடி பிடுங்கினேன். கண் மூடித் திறப்பதற்குள் விட்ட இடத்தில் வந்து நின்றது. பாதிக் கோடு மீதிக் கோடாகத் தொடர்ந்தது. சில நொடிகளுக்கு ஒரு முறை தன்னை முழுசாகப் படம் எடுத்து அழியாத சிப்பில் வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். நாற்பது வருஷத்துக்கு முன்பே யாரோ யோசித்துவிட்டுக் குப்பையில் போட்ட சங்கதி. குப்பையைக் கிளறியவனுக்கு மேதைப் பட்டம்.

பாதிக் கோடு தொடர்ந்தது பார்க்க நன்றாக இருந்தது என்பதை மறுக்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

கிங்ஸ்லி காண்டீன் சாம்பாரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான், அதற்கு ஏதோ மாற்று வடிவமைப்பு யோசிக்கிறவன் மாதிரி. என் டப்பாவில் அவியல் கொஞ்சம் மீந்திருந்தது. தள்ளினேன். தேங்காய் எண்ணெயா என்று கேட்டுவிட்டு வழித்துச் சாப்பிட்டான். அம்மா இறந்த பிறகு இப்படிச் சாப்பிடவில்லை என்றான். நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான்.

ஜூலை 2, புதன்

இன்றும் மீந்தது. இரண்டு டப்பாவாக எடுத்துப் போவதால் மீந்துவிடுகிறது.

சாப்பிடும்போது, பெட்டியை எழுப்பும் என்னுடைய புரோகிராமை முழுசாகப் படித்துவிட்டதாகச் சொன்னான். சென்சார் பதில் சொல்லாவிட்டால் விட்டுவிட்டு மறுபடி புதிதாகக் கேட்கும்படி நான் எழுதியிருக்கும் இடத்தைக் குறிப்பிட்டு, அழகு என்றான். இத்தனை வருஷத்தில் அந்த இடத்தை யாரும் படித்ததாக எனக்குத் தெரியாது. முகஸ்துதியில் கெட்டிக்காரன்.

ஜூலை 9, புதன்

பிடித்துவிட்டேன்.

பெல்ட்டின் ஒயரைத் தளர்த்தி, அது ஆடிக்கொண்டிருக்கிற அதே நேரத்தில் கரண்டையும் நிறுத்தினேன். கரண்டைக் கொடுத்ததும் பெட்டி வழக்கம்போல விட்ட இடத்தில் வந்து நின்றது. திரையில் 138. ஒயரை முழுசாகக் கழற்றி மேஜையில் போட்டேன். 138. என் மேஜைக்கு இதயத்துடிப்பு 138.

ஒயரைப் படிக்கிற புரோகிராம் பதிலுக்குக் காத்திருந்தபடியே உறைந்துவிட்டது. திரையை எழுதுகிற புரோகிராமுக்குத் தன் கையில் கொடுத்த கடைசி எண்ணைத் தவிர வேறு எதுவும் தெரியாது. சாதாரணப் பெட்டி என்றால் பிளக்கைப் பிடுங்கிச் சொருகினால் போதும். மனித குலத்துக்குத் தெரிந்த ஒரே பொது வைத்தியம் அது. புதிதாகப் பிறந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்கும். இந்தப் பெட்டி புதிதாகப் பிறக்காது. எத்தனை தடவை பிடுங்கினாலும் தன் நோயையும் அச்சு பிசகாமல் ஞாபகம் வைத்துக்கொண்டு எழுந்து வரும்.

எல்லாம் மறக்காமல் இருப்பது பெரிய அறிவு என்று நினைக்கிறவனுக்கு இது வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

கிங்ஸ்லி லீவு. யாரிடம் சொல்வது?

ஜூலை 11, வெள்ளி

வந்திருந்தான். சளி. ரசம் கொடுத்தேன். வேறு பேச நேரம் இருக்கவில்லை.

ஜூலை 16, புதன்

முடிவெடுக்கும் கூட்டம். முதலில் அதில் சொல்வதாகத்தான் இருந்தேன். இதை இங்கே தெளிவாக எழுதிவைக்கிறேன்.

நான் வாய் திறப்பதற்கு முன் முதலாளி ஆரம்பித்துவிட்டார். புதுப் பெட்டி வந்துவிட்டால் எழுப்புகிற வேலைக்குத் தனியாக ஒரு டிபார்ட்மென்ட் எதற்கு, செண்பகம் மேடத்தைப் பம்ப் டெஸ்டிங்குக்கு அனுப்பிவிடலாம், அங்கேதான் மோட்டார்கள் தூங்குமூஞ்சிகள் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கிங்ஸ்லியும் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். ஆனால் சிரித்தான்.

பிறகு முதலாளி என்னைப் பார்த்து, என்ன மேடம், வார்டுக்குப் போகலாமா என்றார்.

போகலாம் என்றேன். ஒரு நிபந்தனை போட்டேன்: சோதனை முடியும்வரை பழைய பெட்டியும் அதே வயிற்றில் கட்டியிருக்க வேண்டும். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். எனவே ஆபத்து எதுவும் கிடையாது. பெட்டி வார்டில், முதலாளியின் கண் முன்னால், தானே விழட்டும். பம்ப் விற்கிறவருக்கு வாயால் சொன்னால் ஏறாது, கண்ணால் பார்க்க வேண்டும்.

தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்து மேல் வீட்டுக்காரி கத்தினாள்.

ஜூலை 24, வியாழன்

பொள்ளாச்சிப் பக்கம், அருள்மொழி நர்சிங் ஹோம். முதலாளி, கிங்ஸ்லி, நான். தாயும் குழந்தையும் பிழைத்துக்கொண்டார்கள். நாளை எழுதுகிறேன்.

ஜூலை 25, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பிரசவ வார்டைப் பார்த்துக்கொள்கிறவர் சிஸ்டர் மரகதம். நாங்கள் போனபோது ஒரு கட்டிலில் ஒரு பெண்ணுக்கு இரண்டு பெட்டியும் கட்டியிருந்தார்கள், நிபந்தனைப்படி. சற்று நேரத்தில் வலியோடு இன்னொரு பெண் வந்தாள். மூன்றாவது பெட்டி அங்கே கிடையாது. புதுப் பெட்டிதான் நன்றாக ஓடுகிறதே என்று சிஸ்டர் பழையதைக் கழற்றி அவளுக்குக் கட்டினார். எங்களைத் திரும்பிப் பார்த்துக் கேட்கவும் செய்தார். முதலாளி தாராளமாக என்றார். நான் எதிர்ப்புச் சொல்ல முடியாதபடி அவ்வளவு சீக்கிரம் நடந்துவிட்டது.

அப்புறம் கரண்ட் போனது. முதல் கட்டில் பெண் அதே சமயம் புரண்டு படுத்தாள். பெல்ட் இழுபட்டது. ஜெனரேட்டர் ஓடியதும் பெட்டி உடனே திரையைக் காட்டியது. 144. முதலாளி போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

144 அசையவில்லை. உயிருள்ள இதயம் ஒரே எண்ணில் நிற்காது. ஒன்று கூடும், இரண்டு குறையும், ஆடிக்கொண்டே இருக்கும்.

சிஸ்டருக்கும் ஏதோ சந்தேகம் வந்திருக்க வேண்டும். எல்லாரும் செய்வதைச் செய்தார். பிளக்கைப் பிடுங்கிச் சொருகினார். 144. சிஸ்டரின் முகம் தெளிந்தது. நல்லாத்தான் இருக்குதுங்க என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார்.

நான் உடனே சொன்னேன்: "சிஸ்டர், அது பழைய நம்பர். பெட்டியை நம்பாதீங்க. கைக் கருவியை வச்சுக் கேளுங்க."

அவர் துடிப்பைக் கேட்கும் கையடக்கக் கருவியை வயிற்றில் வைத்தார். அறை முழுக்கக் கேட்டது. மெதுவாக, மிக மெதுவாகத் துடித்தது. எண்பதுகூட இருக்காது. டாக்டர் ஓடி வந்தார். கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஆபரேஷனுக்குப் போனார்கள். பெட்டி கட்டிலோடு போகாமல் சுவரோரம் நின்று 144 என்று காட்டிக்கொண்டிருந்தது.

பெண் குழந்தை. அழச் சற்று நேரமானதாம். தனி அறையில் வைத்துப் பார்க்கிறார்கள். மூச்சு சீராக இருக்கிறது என்று இன்று மத்தியானம் போனில் சொன்னார்கள்.

முதலாளி காரில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். நான் இல்லையென்றால் ஒரு உயிர் போயிருக்கும், கம்பெனியும் போயிருக்கும் என்றார். கிங்ஸ்லி முன் சீட்டில் இருந்தான். திரும்பவில்லை.

ஜூலை 26, சனி

மேலே 'உடனே' என்று எழுதியிருக்கிறேன். உடனேதான்.

ஜூலை 28, திங்கள்

சாப்பாட்டு நேரத்தில் கிங்ஸ்லி என் மேஜைக்கு வந்தான். உட்காரவில்லை. வார்டில் ஒயரைக்கூடப் பார்க்காமல், பெட்டியைத் திறக்காமல், அது பழைய நம்பர் என்று எப்படிச் சொன்னேன் என்று கேட்டான். அவன் எழுதிய புரோகிராம், அவனுக்கே இரண்டு நாள் யோசித்த பிறகுதான் புரிந்ததாம்.

அனுபவம் என்றேன்.

"கரண்ட் வந்ததும் நீங்க கிட்டப் போய் நம்பரைப் பாத்தீங்க" என்றான். "சிஸ்டர் பிளக்கைப் பிடுங்கினப்பவும் அங்கதான் நின்னீங்க. நான் அந்த நேரம் பூரா பெட்டியைப் பாக்கல மேடம், உங்க முகத்தைத்தான் பாத்துட்டு நின்னேன். உங்களுக்குப் பிடிச்சுப் போச்சுன்னு நெனைச்சேன்."

நான் டப்பாவை மூடினேன்.

"முன்னாலயே தெரியும், இல்லையா?"

தெரியும் என்றேன். எப்போதிலிருந்து என்று கேட்டான். ஒன்பதாம் தேதி என்றேன். சளி பிடித்து அவன் லீவு போட்டதற்கு முந்தின நாள். அவன் மனசுக்குள் எதையோ கூட்டிக் கழித்துப் பார்ப்பது தெரிந்தது. எனக்கு ரசம் குடுத்தீங்க என்றான்.

முதலாளியிடம் சொல்லப்போகிறாயா என்று நான்தான் கேட்டேன். சொல்லி என்ன ஆகப்போகிறது என்றான். பெட்டியைச் சரி பண்ண வேண்டும், அதற்கு நான் வேண்டும், நான் போய்விட்டால் அவனுக்கு ஆள் கிடையாதாம். ஸ்க்ரூ டிரைவர் வேண்டும் என்று கேட்கிற குரல்.

என்னிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. நான்தான் மற்றவர்களிடம் பேசியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வேலை ஆரம்பம். அவன் மேஜையில் அவன், என் மேஜையில் நான். பேச வேண்டியதை எழுதி அனுப்புகிறான். "மேடம்" என்று ஆரம்பித்து "நன்றி" என்று முடிக்கிறான்.

அவனுடைய பெரிய தத்துவத்தில் இருந்த ஓட்டை ஒரு குழந்தைக்குத் தெரியும். எல்லாவற்றையும் ஞாபகம் வைக்கிற இயந்திரத்துக்கு, எதை மறக்க வேண்டும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். என் பழைய புரோகிராமிலிருந்து, பதில் வராவிட்டால் விட்டுவிட்டுப் புதிதாகக் கேட்கும் இடத்தை எடுத்து அவன் பெட்டிக்குப் பொருத்துகிறேன். கரண்ட் போய் வந்தால் ஒயரைப் படிக்கிற புரோகிராம் மட்டும் பழசை உதறிவிட்டுப் புதிதாகப் பிறக்கும். மற்றதெல்லாம் விட்ட இடத்தில் தொடரும். ஒவ்வொரு எண்ணும் தான் பிறந்த நேரத்தையும் சுமந்து வரும். வயதாகிப்போன எண்ணைத் திரை காட்டாது, கோடு போட்டுக் கத்தும்.

இது எனக்கு ஜூலை ஒன்பதாம் தேதியே தோன்றியது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அவியல் பண்ணவில்லை. தயிர் சாதம் எடுத்துப் போனேன். மீதம் இல்லை.

முதலாளி எல்லார் முன்னாலும் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். சரிகை போட்ட மலிவுத் துணி. உயிர் காத்த செண்பகவடிவு என்று மைக்கில் வேறு சொன்னார். பம்ப் டெஸ்டிங் பேச்சை அவர் மறந்தே போனார். கிங்ஸ்லி மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டினான். அளவாகத் தட்டினான்.

இவர்களுக்கு யாரைக் கொண்டாட வேண்டும், யாரை விரட்ட வேண்டும் என்று எப்போதாவது தெரிந்திருக்கிறதா? முட்டாள்கள். துணியைப் பைக்குள் வைத்தேன்.

செப்டம்பர் 3, புதன்

பிளக்கைப் பிடுங்கினேன். ஒயரைப் பிடுங்கினேன். இரண்டையும் சேர்த்துப் பிடுங்கினேன். பெட்டி ஒவ்வொரு தடவையும் கத்தியது, ஒயரைத் தேடியது, கிடைத்ததும் அடங்கியது. கிங்ஸ்லி என் மேஜைக்கு வந்து அவனும் பிடுங்கிப் பார்த்தான். ஒருவர் விட்டதும் மற்றவர் என்று மாறி மாறிச் செய்தோம். நல்ல வேலை என்று சொல்ல நினைத்தேன். அவன் அதற்குள் ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

செப்டம்பர் 12, வெள்ளி

மறுபடி அருள்மொழி நர்சிங் ஹோம். இந்தத் தடவை பழைய பெட்டிகள் நாலு கொண்டுபோனோம், எத்தனை பேர் வந்தாலும் கழற்ற வேண்டாம் என்று. காலையிலிருந்து இரண்டு முறை கரண்ட் போனது. நாங்களும் வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தோம். ஒரு தடவை பெல்ட் நழுவியது. பெட்டி எண்ணை அழித்துவிட்டுக் கத்தியது. சிஸ்டர் ஓடி வந்து பெல்ட்டைச் சரி செய்ததும் எண் வந்தது. ஆடுகிற எண்.

மத்தியானம் சிஸ்டர் மரகதம் என்னைக் கையைப் பிடித்து வராந்தாவுக்கு அழைத்துப் போனார். அந்தப் பெண் வந்திருந்தாள், தடுப்பூசிக்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு. பெயர் கோகிலவாணியாம். அன்றைக்கு அவள் பெயரை நான் கேட்கவில்லை. குழந்தை கொழுகொழு கன்னத்தோடு தூங்கிக்கொண்டிருந்தது. சிஸ்டர் அவளிடம், இந்த மேடம்தானுங்க அன்னிக்குக் கூப்பாடு போட்டது, இல்லைன்னா என்ன ஆயிருக்கும்னு நெனைக்கவே முடியல என்றார். அவள் காலில் விழ வந்தாள். பிடித்து நிறுத்தினேன். குழந்தையை என் கையில் கொடுத்தாள். எனக்குக் குழந்தையைப் பிடிக்கத் தெரியாது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. சிஸ்டர் என் முழங்கையைச் சரிசெய்துவிட்டார்.

கிங்ஸ்லி பெட்டிக்கான ஒயர்களோடு வராந்தாவைத் தாண்டிக்கொண்டிருந்தான். சிஸ்டர் அவனையும் நிறுத்தி, ஏனுங்க சார், நீங்களும் அன்னிக்கு இருந்தீங்கல்ல, மேடம் எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு இந்தப் புள்ளைக்குச் சொல்லுங்க என்றார்.

அவன் முதலில் குழந்தையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"மேடம்தான் முதல்ல பாத்தாங்க" என்றான். "எங்க எல்லாருக்கும் ரொம்ப முன்னாடியே பாத்துட்டாங்க."

கோகிலவாணி என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். அவன் ஒயர்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

குழந்தை விழித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது, யாரும் கை நீட்டவில்லை. அவர்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு, நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றார்கள்.